அழைப்பு வேன் சேவையை மேட்சிமில் மதிப்பிடுவது: 10% சாம்பிள் போதுமா? எந்த எண்ணை நம்புவது?

நகர்த்தடம் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. செயலியில் அழைத்தால் வரும், போகிற வழியில் மற்றவர்களையும் ஏற்றிக்கொள்ளும் வேன் சேவை ஒன்றை நகரத்தின் ஒரு பகுதியில் தொடங்கலாமா என்று பார்க்கிறோம். மேட்சிமில் (ஒவ்வொருவரின் நாள் பயணத்தையும் தனித்தனியாகக் கணினியில் ஓட்டிப்பார்க்கும் போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருள்) டிஆர்டி நீட்சியை (அழைத்தால் வரும் சேவைக்கான கூடுதல் பகுதி) போட்டு ஓட்டுகிறோம். அமைப்பு இதுதான்.

சேவைப் பகுதி சுமார் 35 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையில் 10% சாம்பிள். களத்தில் 200 வேன் விடுவதாகத் திட்டம் என்பதால் மாடலில் 20 வேன், தலா 8 இருக்கை. அதிகபட்சக் காத்திருப்பு 600 நொடி. பயண நேர வரம்புக்கு (ஆல்பா × நேர்வழி நேரம் + பீட்டா) ஆல்பா 1.5, பீட்டா 600 நொடி. வரம்புக்குள் அடங்காத கோரிக்கையை நிராகரிக்கிறோம். இடத்துக்கே வந்து ஏற்றும் முறை, நிறுத்தங்கள் இல்லை.

சராசரிக் காத்திருப்பு 6 நிமிடத்துக்குள் வருகிறது, ஆக்குபன்சி (ஆளோடு ஓடும்போது வேனில் சராசரியாக எத்தனை பேர்) 1.5. ஆனால் ஐந்தில் ஒரு கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. வேனைக் கூட்டினால் நிராகரிப்பு இறங்குகிறது, கூடவே ஆக்குபன்சியும் இறங்குகிறது.

முடிவெடுப்பவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இதனால் சாலையில் வண்டி ஓட்டம் குறையுமா?" 1.5 என்ற ஆக்குபன்சியைக் காட்டி "குறையும்" என்று சொல்லிவிடலாமா? 10% சாம்பிளில் வந்த எண்களை அப்படியே பத்தால் பெருக்குவது சரியா?

கணுவும்கோடும்

சாம்பிள் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தனியார் கார் ஓட்டத்துக்கு 10% செல்லும். சாலையின் ஓட்டக் கொள்ளளவை (மணிக்கு எத்தனை வண்டி கடக்கலாம்) 0.1 ஆக்கி, தேக்கக் கொள்ளளவை (சாலையில் எத்தனை வண்டி நிற்க இடம்) சற்றுக் கூடுதலாக, வழக்கமாக 0.1-இன் 0.75 அடுக்கு, அதாவது ஏறக்குறைய 0.18 என்று வைத்தால் நெரிசல் ஓரளவு ஒழுங்காக வரும். பகிர்வுப் பயணத்துக்கு இந்தச் சுருக்கம் செல்லாது. காரணங்கள் இரண்டு.

துணை கிடைப்பது முதல் காரணம். ஒரு கோரிக்கையோடு இன்னொன்றைச் சேர்த்து ஏற்ற வேண்டுமென்றால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், சில நிமிட இடைவெளிக்குள், ஏறக்குறைய ஒரே திசையில் கிளம்ப வேண்டும். கோரிக்கைகளைப் பத்தில் ஒன்றாக்கினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கக்கூடிய துணையும் பத்தில் ஒன்றாகிறது. மொத்தத்தில் சேரத்தக்க ஜோடிகள் நூறில் ஒன்றாகின்றன. வேன்களையும் பத்தில் ஒன்றாக்கியது இதை ஈடுகட்டாது.

அடுத்தது, வேன் வந்துசேரும் தூரம். வேலையின்றி நிற்கும் வேன்கள் பரப்பெங்கும் சிதறிக் கிடக்கின்றன என்று கொண்டால், மிக அருகிலுள்ள வேனுக்கான சராசரி நேர்கோட்டுத் தூரம் = 0.5 ÷ √அடர்த்தி. உங்கள் 35 சதுர கிலோமீட்டரில் ஒரு கணத்தில் 50 வேன் காலியாக நின்றால் அது சுமார் 420 மீட்டர். மாடலில் அதே நிலைமைக்கு 5 வேன்தான் காலி, தூரம் 1.32 கிலோமீட்டர். மூன்று மடங்குக்கு மேல். காத்திருப்பும் காலி ஓட்டமும் அந்த அளவுக்கு வீங்கும், 600 நொடி வரம்பில் முட்டி நிராகரிப்பாக வெளிவரும். உங்கள் ஐந்தில் ஒரு நிராகரிப்பில் நல்ல பங்கு சாம்பிள் உண்டாக்கியது என்றே நினைக்கிறேன்.

வழி இரண்டு உண்டு. பின்னணிப் போக்குவரத்தை 10%-இலேயே விட்டு, டிஆர்டி கோரிக்கைகளையும் வேன்களையும் மட்டும் முழு அளவில் விடலாம். அப்போது வேனின் வாகன வகையில் கார் சமான மதிப்பை 0.1 என்று கட்டாயம் மாற்றுங்கள். மறந்தால் சுருக்கிய சாலையில் ஒவ்வொரு வேனும் பத்து வண்டி இடத்தை அடைத்து, இல்லாத நெரிசலை உருவாக்கும். இன்னொரு வழி: அடிப்படை ரன்னிலிருந்து லிங்க் (இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட சாலைத் துண்டு) வாரியாக, 15 நிமிடத் துண்டுகளாகப் பயண நேரத்தை எடுத்து உறையவைத்து, அதன்மேல் டிஆர்டியை மட்டும் 100%-இல் ஓட்டுவது. இது வேகமானது, 35 சதுர கிலோமீட்டர் பகுதிக்குப் பெரும்பாலும் இதுவே போதும். 200 வேன் அந்தப் பகுதியின் மொத்தப் போக்குவரத்தில் சிறு பங்குதான் என்றால் உறைந்த பயண நேரம் பெரிதாக ஏமாற்றாது.

எதைச் செய்தாலும் 10, 25, 50, 100 சதவீதம் என்று நான்கு ரன் போட்டு காத்திருப்பு, காலி ஓட்டம், நிராகரிப்பு மூன்றையும் வரைபடமாகப் பாருங்கள். கோடு எங்கே படுக்கத் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்தபிறகு 10% எண்ணைப் பத்தால் பெருக்க யாருக்கும் கை வராது.

வண்டிக்கணக்கு

ஆக்குபன்சியைக் காட்டி "ஓட்டம் குறையும்" என்று சொல்லிடாதீங்க. இந்த ஒரு எண்தான் இந்தத் துறையில் எல்லாரையும் தப்பான முடிவுக்குக் கொண்டுபோகுது. ஒரே ஒரு வேனை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வேன் 2 கிமீ காலியாக ஓடி முதல் ஆளை ஏற்றுது. 2 கிமீ தனியாகக் கொண்டுபோய் இரண்டாவது ஆளை ஏற்றுது. இருவரோடும் 4 கிமீ. முதல் ஆள் இறங்குகிறார். இரண்டாவது ஆளோடு இன்னும் 2 கிமீ. மொத்தம் 10 கிமீ, அதில் ஆளோடு ஓடியது 8 கிமீ. பயணி-கிலோமீட்டர் 2 + 8 + 2 = 12. ஆக்குபன்சி 12 ÷ 8 = 1.5. அப்படியே உங்க எண்.

இப்போ அந்த இருவரும் நேர்வழியில் போயிருந்தா எவ்வளவு? முதல் ஆளுக்கு 4.5, இரண்டாவது ஆளுக்கு 5 என்று வைங்க. மொத்தம் 9.5 கிமீ. வேன் ஓடியது 10. அதாவது இருவரும் ஆளுக்கொரு காரில் போயிருந்தாலே சாலையில் ஓட்டம் குறைவு! ஆக்குபன்சிக்கு இது தெரியாது. ஏன்னா சுற்றி அழைத்துப்போன ஒவ்வொரு கிலோமீட்டரும் பயணி-கிலோமீட்டரில் சேர்ந்து அதை உயர்த்திக் காட்டுது. காலி ஓட்டமோ கணக்கிலேயே வரல.

நீங்க எடுக்கவேண்டிய விகிதம்: ஏற்றிச்சென்ற எல்லாப் பயணங்களின் நேர்வழித் தூரத்தின் கூட்டல், வகுத்தல், வேன்கள் ஓடிய மொத்தத் தூரம். டிப்போவுக்குப் போய்வந்தது, இடம்மாற்ற ஓடியது எல்லாம் கீழே சேரணும். மேலே உள்ள உதாரணத்தில் 0.95. இது 1-ஐத் தாண்டாத வரை பகிர்வால் சாலைக்கு லாபம் இல்லை. மேட்சிம் எழுதும் பயணி கோப்பில் ஒவ்வொரு பயணத்துக்கும் நேர்வழித் தூரம் இருக்கும், வண்டிக் கோப்பில் மொத்த ஓட்டம் இருக்கும், வகுத்தால் முடிஞ்சது. மணி வாரியாப் பிரித்தும் போடுங்க. காலை நெரிசலில் 1.3 வரும், மதியம் 0.7 வரும், நாள் சராசரி 1-க்குப் பக்கத்தில் நிற்கும். மதியம் எத்தனை வேன் விடணும் என்ற முடிவே அந்த வரைபடத்தில்தான் இருக்கு.

1-ஐத் தாண்டினாலும் வேலை முடியல. 1.25 வந்ததுன்னு வைங்க: பயணிகள் கேட்ட 100 கிமீ-க்கு வேன் 80 கிமீ ஓடுது. அந்த 100 கிமீ-யில் 50 மட்டும்தான் முன்பு தனிக் காரில் போனது, மிச்சம் பேருந்திலும் நடையிலும் போனது என்றால், காரில் குறைந்தது 50, வேனில் கூடியது 80. சாலையில் நிகரமா 30 கிமீ அதிகம்.

ஓஇசிடியின் சர்வதேசப் போக்குவரத்து மன்றம் லிஸ்பன் நகரத்துக்கு 2015-இல் வெளியிட்ட சிமுலேஷனிலும் இதே பாடம் இருக்கு. மெட்ரோ ஓடிக்கொண்டிருக்க, மிச்சப் பயணங்களைப் பகிர்வுத் தானியங்கி வண்டிகள் பார்த்தால் பத்தில் ஒன்பது கார் தேவையில்லை என்று வந்தது. அதே காட்சியில் மொத்தக் கார்-கிலோமீட்டர் 6% கூடியது. மெட்ரோவும் இல்லாமல், பகிராமல் ஒருவர்பின் ஒருவராகப் பயன்படுத்தினால் 89% கூடியது. வண்டி எண்ணிக்கை வேறு, ஓட்டம் வேறு. உங்களிடம் கேட்கப்பட்டது ஓட்டம்.

நகர்த்தடம்

மிக்க நன்றி. இருவருக்கும் ஒரு தொடர்கேள்வி. எங்களிடம் 10% மக்கள்தொகைக் கோப்புதான் இருக்கிறது. 100% கோரிக்கைக்கு ஒவ்வொரு ஏஜென்டையும் (மாடலில் உள்ள ஆள்) பத்துப் பிரதி எடுத்தால் போதாதா? இன்னொன்று, சூமோவில் (ஒவ்வொரு வண்டியின் அசைவையும் தெரு அளவில் காட்டும் இன்னொரு சிமுலேஷன் மென்பொருள்) டாக்சி வசதி இருக்கிறதே. தெரு அளவில் துல்லியம் வேண்டுமென்றால் அதற்கு மாறிவிடலாமா?

கணுவும்கோடும்

அப்படியே பிரதி எடுக்கக் கூடாது. பத்துப் பேர் ஒரே வாசலில், ஒரே நொடியில், ஒரே இடத்துக்குக் கிளம்புவார்கள். வேன் வந்து எட்டுப் பேரை அள்ளிக்கொண்டு போகும். ஆக்குபன்சி கொழிக்கும், சுற்றுவழி பூஜ்யம் ஆகும். எதுவும் உண்மையில்லை.

இப்படிச் செய்யுங்கள். பகுதியைச் சிறு மண்டலங்களாக, 300 முதல் 500 மீட்டர் கட்டங்களாகப் பிரியுங்கள். சாம்பிளிலிருந்து மண்டலத்துக்கு மண்டலம், மணி வாரியாக, நோக்கம் வாரியாகப் பயண எண்ணிக்கையை எடுங்கள். அதைப் பத்தால் பெருக்கி, அந்தச் சராசரியில் பாய்சான் பரவலின்படி (சராசரியைச் சுற்றி எண்ணிக்கை தற்செயலாக ஏறியிறங்கும் விதம்) புதிய கோரிக்கைகளை உதிருங்கள். புறப்படும் புள்ளியை அந்த மண்டலத்துக் கட்டடங்களில் ஒன்றாகக் குலுக்கி எடுங்கள். வீட்டுப் பயணம் என்றால் குடியிருப்போர் எண்ணிக்கை எடை, வேலைப் பயணம் என்றால் வேலையிட எண்ணிக்கை எடை. சாம்பிளில் பூஜ்யம் இருக்கும் மண்டல ஜோடிகள் ஏராளமாக இருக்கும். 10%-இல் யாரும் விழாததால் மட்டுமே அவை பூஜ்யம். எனவே பெருக்குவதற்கு முன் அக்கம்பக்க மண்டலங்களோடு சேர்த்து லேசாக மென்மைப்படுத்துங்கள். இல்லையென்றால் பயணங்கள் சில ஜோடிகளிலேயே குவிந்து, பகிர்வு மீண்டும் செயற்கையாக உயரும்.

புறப்படும் நேரத்தையும் பாருங்கள். கணக்கெடுப்பில் மக்கள் 8:00, 8:30 என்று வட்டமாகத்தான் சொல்வார்கள். அதை அப்படியே விட்டால் நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் ஒரே நிமிடத்தில் விழும்; அந்த நிமிடத்தில் பகிர்வு பிரமாதமாகவும் அடுத்த கால் மணி நேரம் வேன்கள் சும்மாவும் நிற்கும். 15 நிமிட அளவு விலகலோடு நேரத்தைக் கலைத்துவிடுங்கள். பிறகு நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கை என்று ஒரு வரைபடம். அதில் ஈட்டி போன்ற முனைகள் நின்றால் கலைத்தது போதவில்லை.

நிறுத்தக்கோடு

சூமோ பற்றி. மாறுவதற்கு முன் எதற்காக என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். எத்தனை வேன் வேண்டும், ஓட்டம் குறையுமா என்ற கேள்விகளுக்கு மேட்சிம் போதும். வேன் நின்று ஏற்றும்போது பின்னால் வரிசை எவ்வளவு நீள்கிறது, ஒரு சந்திப்புக்கு 50 மீட்டர் முன்னால் ஏற்றுமிடம் வைக்கலாமா என்பவைதான் சூமோவின் கேள்விகள்.

சூமோவில் இயல்பாக உள்ள பகிர்வு அனுப்புமுறை ஓடும் டாக்சியில் இரண்டாவது பயணியைச் சேர்ப்பதோடு நிற்கிறது. 8 இருக்கை வேனுக்கு அது உதவாது. டிராசி (ஓடும் சூமோவை வெளி நிரலிலிருந்து கட்டுப்படுத்தும் இணைப்பு) வழியாக வெளியிலிருந்து நீங்களே யாரை எந்த வரிசையில் ஏற்றி இறக்குவது என்று அனுப்பவேண்டும். கூடவே வரும் டிஆர்டி பைதான் கருவியிலிருந்து தொடங்கலாம். நிறுத்தம் பாதையிலேயே இருந்தால் பின்வரும் வண்டிகள் அடைபடும், ஓரத்தில் நிறுத்துமிடமாக வரைந்தால் அடைபடாது. களத்தில் எது உண்மையோ அதையே வரையுங்கள். 300 நொடி நகராமல் நின்ற வண்டியைச் சூமோ தூக்கி முன்னால் வைத்துவிடும். அந்த எச்சரிக்கைச் செய்திகளை எண்ணாமல் எந்த முடிவையும் வெளியே கொடுக்காதீர்கள்.

மேட்சிமிலேயே சரிசெய்ய வேண்டிய ஒன்று. வாசலுக்கு வாசல் முறையில் ஏறுமிடம் பக்கத்து லிங்க் என்று விழும். லிங்க் ஒருதிசை என்பதால் சில வீடுகள் நடுவில் தடுப்பு உள்ள பெருஞ்சாலையின் எதிர்ப்பக்க லிங்கோடு ஒட்டிக்கொள்ளும். வேன் அடுத்த திருப்பம் வரை போய்ச் சுற்றி வரும். மேம்பால ஏறுபாதையில் ஆள் ஏற்றும் வேனையும் பார்க்கலாம். இதைப் பிடிக்க எளிய வழி: நேர்வழிச் சாலைத் தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுத்து வரும் விகிதத்தைக் கோரிக்கை வாரியாக வரிசைப்படுத்தி, 3-க்கு மேல் உள்ளவற்றை வரைபடத்தில் புள்ளியாகப் போடுங்கள். குற்றவாளி லிங்க்குகள் கொத்தாகத் தெரியும். பகிர்வுச் சேவைக்கு வாசல் முறையே எனக்கு உடன்பாடில்லை. 200 முதல் 300 மீட்டர் நடையில் ஏறுமிடங்களை வைத்து இன்னொரு ரன் போடுங்கள். ஒரே நிறுத்தத்தில் இருவர் சேர்ந்து ஏறினால் ஒரு நிறுத்த நேரம் மிச்சம், சந்துக்குள் நுழைந்து வரும் தூரமும் மிச்சம். நிறுத்த நேரம் 60 நொடி என்று இருந்தால் அதைக் குறைத்து அழகுபார்க்க வேண்டாம். ஆளைத் தேடுவது, பை ஏற்றுவது எல்லாம் அதற்குள்தான்.

தேர்வுமாடல்

இதுவரை யாரும் தொடாத மூன்று இடங்கள்.

உங்கள் ஆல்பா-பீட்டா வரம்பு காத்திருப்பையும் சேர்த்தது. கேட்ட நேரத்திலிருந்து இறங்கும் நேரம் வரை. நேர்வழியில் 4 நிமிடப் பயணத்துக்கு 1.5 × 4 + 10 = 16 நிமிடம் வரை அனுமதி; 20 நிமிடப் பயணத்துக்கு 40. குறுகிய பயணத்தில் நாலு மடங்கு வரை இழுக்கலாம் என்று நீங்களே அனுமதித்திருக்கிறீர்கள். சுற்றுவழிக்கு மட்டும் தனி வரம்பு வைக்கவும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். சராசரிச் சுற்றுவழி விகிதத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது. நேர்வழி நேரத்தை 5 நிமிடத் துண்டுகளாகப் பிரித்துப் பாருங்கள்.

இடம்மாற்றம், அதாவது காலி வேனைத் தேவை வரும் பக்கம் முன்கூட்டியே அனுப்புவது. முந்தைய இட்டரேஷனின் (மாடல் அதே நாளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுற்றுகளில் ஒன்று) தேவையை வைத்து அடுத்ததைக் கணிக்கும் முறை வழக்கமாகப் பயன்படுகிறது. கோரிக்கைகள் நிலையாக இருந்தால் இது கணிப்பே அல்ல. நாளை யார் எங்கே அழைப்பார் என்று வேனுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. காத்திருப்பு அநியாயத்துக்கு நன்றாக வரும். மேலே சொன்ன பாய்சான் உதிர்ப்பில் வேறொரு சீடில் (குலுக்கலைத் தொடங்கிவைக்கும் எண்) உருவாக்கிய ஒரு நாளின் தேவையைக் கணிப்புக்கும், இன்னொரு நாளின் தேவையை ஓட்டத்துக்கும் கொடுங்கள்.

மூன்றாவதுதான் பெரிது: யார் மாறுவார்கள் என்பது. 50 கிமீ காரிலிருந்து, 50 கிமீ பேருந்திலும் நடையிலும் இருந்து என்று நண்பர் வண்டிக்கணக்கு மேலே போட்ட உதாரணத்தில் அந்த 50 எங்கிருந்து வரும்? முறைத் தேர்வு மாடலிலிருந்து, அதாவது யார் காரில், யார் பேருந்தில், யார் வேனில் போவார் என்று கணிப்பதிலிருந்து. அதை 10%-இல் ஓட்டி, டிஆர்டி மோசமாகத் தெரிந்து, ஏஜென்டுகள் ஒருமுறை முயன்று திரும்பிவராமலே போவது வழக்கம். எனவே இரண்டையும் பிரித்து மாறிமாறி ஓட்டுங்கள். 10% மாடலில் டிஆர்டியை வேனாக ஓட்டாமல், மண்டலம், மணி வாரியாக ஒரு காத்திருப்பும் ஒரு சுற்றுவழி விகிதமும் கொடுத்து ஏஜென்டுகளைச் சாலையில் ஓட்டாமல் அந்த நேரத்தில் சேருமிடத்துக்குத் தாவவைத்து, யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எடுங்கள். அதை 100%-க்கு விரித்து உண்மையான வேன்களோடு ஓட்டுங்கள். அதில் வரும் காத்திருப்பைத் திரும்ப முதல் மாடலுக்குக் கொடுங்கள். முழுவதும் மாற்றாமல் பழையதில் பாதி, புதியதில் பாதி என்று கலந்தால் ஊசலாட்டம் அடங்கும். டிஆர்டி மாறிலிக்கு (நேரம், செலவு தாண்டி அந்தச் சேவைமீது மக்களுக்குள்ள பொது விருப்பத்தைக் குறிக்கும் எண்) களத் தரவு இல்லையென்றால் டாக்சிக்கும் பேருந்துக்கும் இடையே மூன்று மதிப்புகள் வைத்து மூன்று விடைகளையும் காட்டுங்கள். ஒரே எண்ணாகக் காட்டுவது நேர்மையில்லை.

நிராகரிப்பு பற்றி ஒரு மாற்றுக் கருத்து. நிராகரிக்காமல் எல்லாரையும் ஏற்றி, காத்திருப்பு நீள்வதை அப்படியே காட்டுவதே பொதுச் சேவைக்கு ஏற்றது. நிராகரிப்பு இருக்கும் ரன்னில் சராசரிக் காத்திருப்பு என்பது ஏற்றப்பட்டவர்களின் காத்திருப்பு மட்டும். உங்கள் 6 நிமிடம் அந்த வகை.

வண்டிக்கணக்கு

கடைசி விஷயத்தில் ஒத்துப்போகல. நிராகரிப்பே இல்லைன்னா நெரிசல் நேரத்தில் வரிசை கட்டி, அதைத் தீர்க்க வேன்கள் ஊரின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடி, பத்து மணி வரைக்கும் அதன் வால் நீளும். நாற்பது நிமிடம் காத்திருக்கும் பயணி மாடலில்தான் இருப்பார், தெருவில் இருக்கமாட்டார். நிராகரிப்பை வைங்க, ஆனா காத்திருப்போடு எப்பவும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுங்க. எந்த மண்டலத்தில் நிராகரிப்பு குவியுது என்ற வரைபடத்தையும் சேருங்க. விளிம்பு மண்டலங்களில்தான் முதலில் குவியும், மொத்தச் சதவீதத்தில் அது மறைஞ்சுபோகும்.

வெவ்வேறு அமைப்புகளை ஒரே வேன் எண்ணிக்கையில் ஒப்பிடாம, ஒரே சேவைத் தரத்தில் ஒப்பிடுங்க. உதாரணமா, நிராகரிப்பு 5 சதவீதத்துக்குள், பத்தில் ஒன்பது பயணிக்குக் காத்திருப்பு 10 நிமிடத்துக்குள். இந்தத் தரத்தைத் தொடும் மிகக் குறைந்த வேன் எண்ணிக்கையை ஒவ்வொரு அமைப்புக்கும் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்க. 50-க்கும் 400-க்கும் நடுவில் 5 வேன் துல்லியத்துக்கு ஏழு ரன்னில் கிடைச்சிடும். வாசல் முறைக்கு ஒரு எண், நிறுத்த முறைக்கு ஒரு எண், 8 இருக்கைக்கு ஒன்று, 4 இருக்கைக்கு ஒன்று. பிறகு அந்தந்த எண்ணில் நான் முன்பு சொன்ன விகிதத்தை (நேர்வழித் தூரம் ÷ வேன்களின் மொத்த ஓட்டம்) பாருங்க. இருக்கை எண்ணிக்கை மாறினாலும் விடை அசையலன்னா பெரிய வேன் வாங்கத் தேவையில்லை.

ஒவ்வொரு புள்ளிக்கும் குறைந்தது 10 ரேண்டம் சீடு. ஒப்பிடும் இரு அமைப்புகளுக்கும் அதே 10 கோரிக்கைக் கோப்புகளைக் கொடுத்து, கோப்பு வாரியா வித்தியாசம் எடுங்க. சராசரிகளைத் தனித்தனியா ஒப்பிடுவதைவிட விடையின் நிச்சயமின்மை நல்லாச் சுருங்கும். எல்லா வேனும் ஒரே டிப்போவில் தொடங்கினால் முதல் ஒரு மணி நேரக் காத்திருப்பைத் தனியே பாருங்க, சராசரியில் கலக்காதீங்க. வேனின் பணி நேர முடிவையும் பாருங்க. எல்லா வேனும் ஒரே மணிக்கு முடிந்தால் அதற்கு முந்தைய அரை மணியில் நிராகரிப்பு திடீரென ஏறும். ஓட்டுநர் ஷிப்டுகளைத் தள்ளித்தள்ளி முடியுமாறு வைத்தால் போயிடும்.